சபாத் முதல் ஷிவா வரை: யூத வழக்கங்களும் மன நிம்மதியும், கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரைக்குமான ஓய்வு நாள் சபாத், அது வந்தா ஓய்வுக்குப் பதிலா அலுப்புதான் மிச்சம். விளக்கேத்துற நேரம் வரைக்கும் அடுப்படியிலதான் நிக்கிறேன். எங்க தப்பு?

பதில்: எல்லா வேலையையும் வெள்ளிக்கிழமையில் திணித்ததுதான். சபாத் தொடங்கிவிட்டால் சமைப்பது, தீ மூட்டுவது, கிழிப்பது, மின் சுவிட்சைத் தொடுவது எல்லாம் தடை, அதனால் எல்லாம் முன்பே முடிய வேண்டும். பெரும்பாலான ஊர்களில் சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது விளக்கேற்றுவார்கள், எருசலேமில் 40 நிமிடம். டிசம்பர் மாத லண்டனில் அது மாலை நாலு மணிக்கு முன்பே வந்துவிடும். குளிர்கால வெள்ளிகளுக்கு அரைநாள் விடுப்பை முன்கூட்டியே சொல்லி வைக்காதவர்களுக்குப் பதற்றம் நிச்சயம்.

வியாழன் இரவே பீன்ஸையும் பார்லியையும் ஊறப் போடுங்கள். ஹல்லா என்ற சபாத் ரொட்டிக்கான மாவைப் பிசைந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளி காலையில் சோலென்ட் (மெல்ல வேகும் சபாத் குழம்பு) பானையில் இறைச்சி, உருளைக்கிழங்கு, ஊறினவை எல்லாம் போட்டு, அதற்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர் விடுங்கள். மதியத்துக்குள் நன்றாக வெந்திருக்க வேண்டும். விளக்கேற்றும் முன் சூட்டுத் தட்டில் (உணவைச் சூடாக வைத்திருக்கும் மின் தட்டு) ஏற்றிவிட்டால் மறுநாள் மதியம் வரை அங்கேயே கிடக்கும். அடிபிடித்தால் அநேகமாகத் தண்ணீர் குறைந்திருக்கும், இல்லையென்றால் மூடி சரியாகப் பொருந்தியிருக்காது. நடுவில் பச்சைத் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய முடியாது, அது சமைப்பதில் சேர்ந்துவிடும். அதனால் மூடிக்கு அடியில் அலுமினியத் தாளை இறுக்கிப் போர்த்துங்கள்.

பிறகு சில்லறை வேலைகள்: விளக்குகளுக்கு டைமர், ஃபிரிட்ஜ் உள்விளக்கை அணைப்பது, கழிப்பறைத் தாளைக் கிழித்து அடுக்குவது. இவற்றை ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டால் வாராவாரம் யோசிக்க வேண்டியதில்லை. கிட்டுஷ் (சாப்பாட்டுக்கு முன் திராட்சை ரசத்தின் மேல் சொல்லும் ஆசி) கோப்பை குறைந்தது 86 மி.லி. பிடிக்க வேண்டும், திராட்சைச் சாறு போதும். மூடி வைத்த இரண்டு முழு ரொட்டி, கொஞ்சம் உப்பு. மேசைக்கு அவசியமானது அவ்வளவே. ஏழு வகை சாலட்டை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

கேள்வி: 25 மணி நேரமும் போன் இல்லாம என்னால முடியாது. பாதி சபாத்துக்கு அர்த்தம் இருக்கா?

பதில்: சட்டப்படி பாதி என்று ஒன்றும் இல்லை. பழக்கப்படுத்திக்கொள்வதற்கு இருக்கிறது. ஒரு வாரம் முழுநாள், மறுவாரம் ஒன்றுமில்லை என்று ஆடுவதைவிட, விளக்கேற்றியதிலிருந்து சாப்பாடு முடியும் வரை என்று ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். போனை அணைத்து வேறு அறையில் வையுங்கள். சைலன்ட்டில் போட்டு மேசையில் கவிழ்த்து வைத்தால் கை தானாகப் போகும். கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் தனியாக வாங்கிவிடுங்கள், போனை எடுக்க அவைதான் முதல் சாக்கு.

முடிவையும் தெளிவாக வையுங்கள். சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு ஹவ்தலா என்ற சபாத் முடிப்புச் சடங்கு: திராட்சை ரசம், கிராம்போ பட்டையோ ஏதாவது வாசனைப் பொருள், பல திரி பின்னிய மெழுகுவர்த்தி. நகங்களை அந்தச் சுடரில் பார்த்துவிட்டு, வழிந்த ரசத்தில் அதை அணைப்பார்கள். அதற்குப் பிறகே போன்.

கேள்வி: பாவ மன்னிப்புக்கான விரத நாள் யோம் கிப்பூருக்கு முன்னாடி எல்லாருக்கும் "புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்"னு வாட்ஸ்அப் அனுப்புறோமே, அது போதுமா?

பதில்: போதாது. மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையிலான தவறைத்தான் அந்த நாள் தீர்க்கும், சக மனிதனுக்குச் செய்ததை அவரைச் சமாதானப்படுத்தும் வரை தீர்க்காது என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் யோமா பகுதி சொல்கிறது. "புண்படுத்தியிருந்தால்" என்ற சொல்லிலேயே செய்தவர் நழுவிவிடுகிறார். செய்ததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "அன்றைக்கு உங்கள் அம்மா முன்னால் உங்கள் சம்பளத்தைச் சொல்லிக் கேலி செய்தேன்." பணம் சம்பந்தப்பட்டதென்றால் முதலில் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், பேச்சு அப்புறம். மறுத்தால், மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள், இப்படி மூன்று தடவை வரை என்பது யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் வகுத்த முறை. ஆள் இறந்துபோயிருந்தால் பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

சிக்கலான இடம் ஒன்று உண்டு. நீங்கள் புறம் பேசியது அவருக்குத் தெரியவே தெரியாது. போய்ச் சொன்னால் புதிதாக நோகும். சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது ரபி (யூத மத குரு) ஹஃபெட்ஸ் ஹயிமின் நிலை. சொல்லி நோகடிக்காதே என்பது இன்னொரு ரபியான இஸ்ரேல் சலாண்டரின் நிலை. என் சாய்வு சலாண்டர் பக்கம். ஆனால் யாரிடம் புறம் பேசினீர்களோ அவரிடம் போய்ப் பேச்சைத் திருத்துங்கள், அதில் தப்பிக்க இடமில்லை.

கேள்வி: சர்க்கரை வியாதிக்காரர் யோம் கிப்பூர் விரதம் இருக்கலாமா? எனக்குத் தலைவலிதான் பெரிய பிரச்சினை.

பதில்: மருத்துவர் வேண்டாமென்றால் வேண்டாம். உயிர் ஆபத்து விரதத்தையே தள்ளிவிடும், பிடிவாதமாக இருப்பதுதான் தவறு. சிலருக்கு ரபி அளவுமுறை சொல்லித் தருவார்: ஒரு தடவைக்கு 30 மி.லி.க்கு உட்பட்ட உணவு, அடுத்ததற்கு ஏறக்குறைய 9 நிமிட இடைவெளி. பானத்துக்கு அளவு தனி, ஆளுக்கு ஆள் மாறும், முந்தின நாளே அளந்து சின்னக் கோப்பையில் கோடு போட்டு வைக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு வாரம் முன்பே மருத்துவரிடமும் ரபியிடமும் பேசிவிடுங்கள்.

உணவு உண்பதில் மனநோய்ச் சிக்கல் உள்ளவர்களுக்கு இந்தத் துளி அளவுமுறை உதவாது. எண்ணி எண்ணிச் சாப்பிடுவதே அவர்களுடைய நோய். மருத்துவர் சொல்கிறபடி வழக்கமான சாப்பாடே அவர்களுக்கு அன்றைய கடமை.

தலைவலி பெரும்பாலும் காபி நின்றுபோவதால் வருவது. ஒரு வாரம் முன்பிருந்தே தினம் கொஞ்சம் குறையுங்கள். கடைசிச் சாப்பாட்டில் உப்பையும் காரத்தையும் தள்ளுங்கள்.

கேள்வி: நான் இலங்கையிலிருந்து இஸ்ரேலுக்கு வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தவள். சபாத்தில் நான் பராமரிக்கும் அம்மாவுக்கு மூச்சு முட்டினால் போன் எடுக்கலாமா? கோபிப்பாரோ என்று பயம்.

பதில்: யோசிக்காமல் ஆம்புலன்ஸ் எண் 101 அழையுங்கள் தங்கச்சி. நீங்கள் யூதர் இல்லாததால் உங்களுக்குத் தடை கிடையாது. யூதராக இருந்தாலும் உயிர் போகும் நிலையில் அழைத்தே ஆக வேண்டும், தாமதிப்பவர்தான் குற்றவாளி. சாதாரண நேரத்தில் சூட்டுத் தட்டின் பிளக்கைக் கழற்றாதீர்கள், குளியலறை விளக்கைப் பழக்கதோஷத்தில் அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் அம்மா இரவு முழுக்க இருட்டில் தடுமாறுவார், "போட்டுவிடு" என்று வாய்விட்டுக் கேட்கவும் தயங்குவார். எந்த சுவிட்சைத் தொடலாம் என்று வெள்ளி மதியமே கேட்டு, டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாடி வீட்டுப் பால்கனியில் சுக்கா (சுக்கோத் பண்டிகைக்கான தற்காலிகக் குடில்) கட்டலாமா?

பதில்: தலைக்கு மேலே இன்னொரு பால்கனி இருந்தால் செல்லாது. திறந்த வானம் வேண்டும், கூரை வெட்டிய தழையாலோ மூங்கிலாலோ இருக்க வேண்டும், வெயிலைவிட நிழல் அதிகம் விழ வேண்டும். மழை பெய்தால் உள்ளே போய்ச் சாப்பிடுங்கள். நனைந்துகொண்டு உட்கார்வதற்குப் புண்ணியம் எதுவும் இல்லை.

கேள்வி: யூத நண்பரின் அப்பா இறந்துவிட்டார். ஏழு நாள் துக்கம் காக்கும் ஷிவா வீட்டுக்குப் போய் என்ன பேசுவது?

பதில்: முதலில் பேசாதீர்கள். துக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கும் வரை வந்தவர் பேசக் கூடாது என்பதே வழக்கம். அவர் தாழ்வான இருக்கையில் இருப்பார், கண்ணாடிகள் மூடியிருக்கும், கதவு பெரும்பாலும் சாத்தாமல் இருக்கும், மணி அடிக்க வேண்டாம். உங்களை வரவேற்க அவர் எழ வேண்டியதில்லை. "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்பதும் "வயசாயிடுச்சே" என்று ஆற்றுவதும் இரண்டுமே வேண்டாம். அவர் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கூடப் பேசுங்கள். அரை மணி நேரம் தாராளம். அடக்கம் முடிந்து அவர்கள் சாப்பிடும் முதல் உணவு, முட்டையும் பயறும், அயலார் கொண்டுவருவது. அதற்குப் பிறகு வரும் நாட்களுக்கு உணவு கொண்டுபோனால் கோஷர் (யூத உணவுச் சட்டம்) விதியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இடையில் பெரிய பண்டிகை வந்துவிட்டால் ஏழு நாள் துக்கம் அங்கேயே முடிந்துவிடும். இரண்டாம் நாளிலேயே வீடு காலியாகிவிடும், அழுது தீராதவர் தனியாக நிற்பார். பண்டிகை முடிந்த வாரம் நீங்கள் போய் உட்காருங்கள். பெற்றோருக்காகச் சொல்லும் கத்தீஷ் தொழுகை 11 மாதம், அதற்குப் பத்துப் பேர் வேண்டும். நண்பருடைய தொழுகைக்கூடத்தில் ஆள் குறைகிறதா என்று அங்குள்ள யூத நண்பர்களைக் கவனிக்கச் சொல்லலாம்.

கேள்வி: பஸ்காவிலிருந்து ஷவுவோத் பண்டிகை வரைக்கும் தினமும் நாள் எண்ணுற ஓமர்ல ஒருநாள் மறந்துட்டேன். 49 நாளும் வீணா?

பதில்: இல்லை. இரவில் மறந்தால் மறுநாள் பகலில் ஆசி சொல்லாமல் எண்ணிவிட்டு, அன்று இரவிலிருந்து வழக்கம்போல் ஆசியோடு தொடருங்கள். பகலும் தவறியிருந்தால் மிச்ச நாட்களை ஆசியில்லாமல் எண்ணுங்கள். இரவில் நீங்கள் எண்ணும் முன் யாராவது "இன்றைக்கு எத்தனை" என்று கேட்டால், நேற்றைய எண்ணைச் சொல்லுங்கள். இன்றைய எண்ணைச் சொன்னால் எண்ணியதாகவே ஆகிவிடும்.