எந்த ஃபிரேம்வொர்க்கில் தொடங்கலாம்? கோத்தகிரியிலிருந்து பதில்கள்

பதினாறு வருடமாக வெப் வேலை செய்கிறேன். முதலில் கோவையில், இப்போது கோத்தகிரியில். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் எந்த ஃபிரேம்வொர்க் (தளம் கட்ட ஆயத்தமாகக் கிடைக்கும் கோடு அடித்தளம்) எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். கேள்விகள் வந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

குன்னூரிலிருந்து: நாலு ஹோம்ஸ்டேக்களுக்குச் சேர்த்து ஒரு புக்கிங் தளம் தொடங்குகிறோம். நானும் தம்பியும்தான். அவனுக்கு பைத்தான் தெரியும். ஜாங்கோவா, நோடா?

ஜாங்கோ. அது பைத்தானில் எழுதும் ஃபிரேம்வொர்க், நோட் என்றால் சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டும். தம்பிக்கு பைத்தான் தெரியும் என்றால் வேறு யோசனையே வேண்டாம். ஜாங்கோ 2005-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து வெளிவந்தது. இன்றைக்குக் கேட்டதை இன்றைக்கே தர வேண்டிய இடத்தில் வளர்ந்ததால் லாகின், ஃபார்ம் சரிபார்ப்பு, அட்மின் பக்கம் எல்லாம் கையோடு வருகின்றன. அந்த அட்மின் பக்கம் ஒன்றே உங்களுக்கு இரண்டு மாத வேலையை மிச்சமாக்கும். வீட்டில் கணக்குப் பார்ப்பவர்கள் முதல் நாளே அதில் உட்கார்ந்துவிடலாம்.

ஆனால் உங்கள் தொழிலைக் கவிழ்க்கக்கூடியது வேறொன்று. மே மாத சீசனில் ஒரே அறையை இரண்டு பேர் ஒரே நொடியில் புக் செய்வார்கள். "காலியா?" என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்கிற கோடு இருவருக்குமே "காலி" என்று சொல்லும். குழந்தைகளோடு மலையேறி வந்த குடும்பத்தை வாசலில் நிறுத்தி "அறை இல்லை" என்று சொல்கிற நிலை வரக் கூடாது. அந்தக் காவலை டேட்டாபேஸிடம் கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸில் எக்ஸ்குளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் என்று ஒரு விதி உண்டு. ஒரே அறைக்குத் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரண்டாவது பதிவை அதுவே தள்ளிவிடும். ஜாங்கோவிலிருந்தே இதை எழுதலாம், போஸ்ட்கிரெஸின் பிட்ரீ ஜிஸ்ட் என்ற கூடுதல் வசதியை மட்டும் இயக்கிக்கொள்ளுங்கள். தேதி வரம்பில் கிளம்பும் நாளைச் சேர்க்காதீர்கள். காலையில் ஒருவர் காலி செய்த அறைக்கு மதியம் அடுத்தவர் வரலாம் இல்லையா?

அப்புறம் பேக்கப். எடுத்தால் மட்டும் போதாது, மாதம் ஒரு முறை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து பாருங்கள்.

ஊட்டியிலிருந்து: இருப்பதிலேயே வேகமான ஃபிரேம்வொர்க் எது?

தொடக்கத்தில் அந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே தெரியாது. பக்கம் மெதுவாக இருந்தால் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இல்லாத டேட்டாபேஸ் டேபிளையும் 4 எம்பி படங்களையும் முதலில் தேடுங்கள்.

பூம்பாறையிலிருந்து: மலைப்பூண்டை நேரடியாக விற்க ஒரு தளம் வேண்டும். வத்தலக்குண்டில் ஒரு பையன் லாரவெல்லில் செய்து தருகிறேன் என்கிறான். பிஎச்பி பழசு, வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

தாராளமாக அவரிடம் கொடுங்கள். பிஎச்பி மொழியில் எழுதும் ஃபிரேம்வொர்க்கான லாரவெல் 2011-லிருந்து இருக்கிறது. பிஎச்பியும் இப்போது எட்டாம் பதிப்பு வரிசையில் நன்றாகவே இருக்கிறது. விலை குறைந்த ஹோஸ்டிங்கில்கூட ஓடும். ஏதாவது உடைந்தால் மலையேறி வந்து பார்க்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறார், அதற்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியாது.

அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, பணத்தைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாக வைக்கச் சொல்லுங்கள். ஃப்ளோட்டில் (கம்ப்யூட்டர் தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் முறை) 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. இன்னொன்று, பணம் கட்டியவரின் பிரவுசர் "வெற்றி" பக்கத்துக்கு வந்துவிட்டது என்பதற்காகப் பூண்டை அனுப்பக் கூடாது. பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) தனியாக சர்வருக்கு அனுப்பும் தகவலின் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே ஆர்டர் உறுதி.

அதற்கு முன் முதல் ஐம்பது ஆர்டரை வாட்ஸ்அப்பிலேயே எடுத்துப் பாருங்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பூண்டு அது, கேட்டு வருவார்கள். பார்சலில் என்ன சிக்கல் வருகிறது என்று தெரிந்த பிறகு தளம் கட்டினால் அது உங்களுக்குப் பொருந்தும். பேக்கப் ரீஸ்டோர் உங்களுக்கும்தான்.

கூடலூரிலிருந்து: ஜிஎஸ்டி பில் எந்த ஃபார்மேட்டில் வர வேண்டும்?

உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

கட்டபெட்டுப் பக்கமிருந்து: சிறு விவசாயிகளிடம் பச்சைத்தேயிலை எடுக்கிற மையத்துக்கு எடைப் பதிவு செயலி. ரியாக்ட்டா, வியூவா?

இரண்டும் ஃபோனின் பிரவுசரிலேயே பக்கத்தைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள். உங்களுக்கு இரண்டும் வேண்டாம். சர்வரிலேயே பக்கத்தைத் தயாரித்து அனுப்புங்கள்.

சில வருடம் முன்பு இதே வேலையை ரியாக்ட்டில் செய்து கொடுத்தேன். ஐப்பசி மழை, சாயங்காலம் ஆறு மணி. தராசில் சாக்கு தொங்குகிறது, பெண்கள் தலைச்சுமையோடு வரிசையில் நிற்கிறார்கள். எடை போடுகிற பெரியவர் ஈர விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஃபோனைத் தொட்டார். திரையில் வெள்ளை, நடுவில் சுற்றுகிற வட்டம். நான் அனுப்பிய ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் 1.8 எம்பி, அங்கே சிக்னல் ஒரு கோடு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நோட்டில் எழுத ஆரம்பித்தார். அடுத்த வாரம் முழுவதையும் எளிய எச்டிஎம்எல் பக்கமாக மாற்றினேன். மொத்தம் 30 கேபி. அதன் பிறகுதான் அவர் பயன்படுத்தினார்.

கோவையிலிருந்து: அண்ணா, இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலைக்கு ஆள் தேடினால் ரியாக்ட் தெரிந்தவர்கள்தான் வருகிறார்கள். ஸ்டார்ட்அப்புக்கு ஆள் கிடைப்பது முக்கியம் இல்லையா?

முக்கியம்தான் தம்பி. உன் குழுவில் நாலு பேருக்கும் ரியாக்ட்தான் தெரியும் என்றால் அதையே எடு. தெரிந்த கருவிதான் நல்ல கருவி, குன்னூர்க்காரருக்கும் அதைத்தான் சொன்னேன்.

ஆனால் ஒன்றை மறக்காதே. 2013-ல் வந்த ரியாக்ட் ஒரு லைப்ரரிதான், முழு ஃபிரேம்வொர்க் அல்ல. ரவுட்டர் (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று பார்ப்பது), லாகின், டேட்டாபேஸ் பக்கம் எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றும் தன் போக்கில் பதிப்பு மாறும். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற, பலரும் இணையத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்திய பதினொரு வரி ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜை எழுதியவர் திரும்ப எடுத்துக்கொண்டதும் உலகம் முழுவதும் எத்தனை புராஜெக்ட் பில்ட் ஆகாமல் நின்றன! இரண்டு பேர் நடத்தும் கடைக்கு அந்தச் சுமை தேவையா?

அதே தம்பி: சரி அண்ணா, சிக்னல் சுத்தமாக இல்லாத இடத்தில் உங்கள் 30 கேபி பக்கம் எப்படி வரும்?

இது சரியான அடி. வராது. மேலே நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்: எடைப் பதிவுத் திரை மட்டும் ஃபோனிலேயே ஓட வேண்டும். பிரவுசரிலேயே இருக்கும் சர்வீஸ் ஒர்க்கர் பக்கத்தைச் சேமித்து வைக்கும், இண்டெக்ஸ்டு டிபி என்ற அதன் சேமிப்பிடம் எடைகளை வைக்கும், சிக்னல் வந்ததும் செயலி அவற்றை அனுப்பும்.

கட்டபெட்டு நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு எடைக்கும் ஃபோனிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாக்கி, சர்வரில் அதை யுனிக் (ஒரே எண் இரண்டு முறை பதிவாகாதபடி) ஆக்கிவிடுங்கள். அனுப்பியது போய்ச் சேர்ந்து, பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் அறுந்தால் ஃபோன் மறுபடி அனுப்பும். அடையாள எண் இல்லையென்றால் 18 கிலோ 36 கிலோ ஆகிவிடும். "இன்னும் அனுப்பாதவை: 7" என்று திரையின் மேலேயே பெரிதாகக் காட்டுங்கள், ஃபோனைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரிய வேண்டும். எடையைக் கிராமில் முழு எண்ணாக வையுங்கள். விவசாயி கணக்கு, தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலை, பட்டுவாடாப் பட்டியல் எல்லாம் சாதாரண சர்வர் பக்கங்களாகவே இருக்கட்டும். அந்த ஒரு திரைக்கு வெறும் ஜாவாஸ்கிரிப்டே போதும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

அதே தம்பி: ஒரு திரை நாளைக்குப் பத்துத் திரை ஆகும் அண்ணா.

ஆகும்போது மாற்றலாம். பத்தும் ஆஃப்லைனில் ஓட வேண்டும் என்றால் அன்றைக்கு நானே ரியாக்ட் எடுப்பேன்.

அரவங்காட்டிலிருந்து: ஜாங்கோவா, நோடா?

முதல் பதிலில் இருக்கிறது.

ஊட்டியிலிருந்து இன்னொருவர்: மைக்ரோசர்வீஸில் தொடங்கலாமா?

அதாவது ஒரே செயலியைப் பல சின்னச் சின்ன சர்வீஸாகப் பிரித்து ஓட்டுவது. எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்? ஐந்துக்குக் கீழே என்றால் வேண்டாம்.

குன்னூரிலிருந்து: ஆங்குலர்ஜேஎஸ்ஸில் எழுதிய பழைய தளம் கைக்கு வந்திருக்கிறது. தொடரலாமா?

அது பழைய ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க், புதிதாக எதையும் அதில் சேர்க்காதீர்கள். அதன் ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அதற்கு அடுத்ததாக 2016-ல் வந்த ஆங்குலர் முழுக்கத் திருப்பி எழுதப்பட்டது, பதிப்பை உயர்த்துவது போல எளிதில் தாண்ட முடியாது. ஒவ்வொரு பக்கமாக மாற்றுங்கள், பணம் தொடுகிற பக்கம் முதலில். எதை எடுத்தாலும் ஆதரவு முடியும் தேதியைப் பார்த்துவிட்டு எடுங்கள். ஜாங்கோ 5.2-க்கு 2028 ஏப்ரல் வரை உண்டு.

கோத்தகிரியிலிருந்து: புதிதாகத் தொடங்குகிறவர் ஜாங்கோ எடுக்கலாமா, நோட் எடுக்கலாமா?

மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே படியுங்கள்.

கொடைக்கானலிலிருந்து: சார், பேக்கப் தினமும் எடுக்கிறேன், ரீஸ்டோர் செய்து பார்த்ததே இல்லை. எப்படித் தொடங்குவது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். போஸ்ட்கிரெஸ் என்றால், பழைய லேப்டாப் ஒன்றில் அதே பதிப்பை நிறுவுங்கள். காலியாக ஒரு டேட்டாபேஸ் உருவாக்கி, நேற்றைய பேக்கப்பை பிஜி ரீஸ்டோர் என்ற போஸ்ட்கிரெஸ் கருவி கொண்டு அதில் ஏற்றுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், விபத்து நாளில் தளம் குறைந்தது அவ்வளவு நேரம் மூடியிருக்கும். ஏறியதும் ஆர்டர் டேபிளில் எத்தனை வரி என்று எண்ணுங்கள், கடைசி ஆர்டரின் தேதியையும் பாருங்கள். பிறகு செயலியை அந்த டேட்டாபேஸோடு இணைத்து ஒரு பழைய பில்லைத் திறங்கள். படங்கள் வரவில்லையென்றால் அப்லோடு ஃபோல்டரைப் பேக்கப்பில் சேர்க்கவில்லை என்று அர்த்தம், பலருக்கும் அங்கேதான் விட்டுப்போகிறது. நாளைக் காலை செய்து பார்த்துவிட்டு, கடைசி ஆர்டரின் தேதி என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.