மாஸ்டரிங்: யாரிடம் கொடுப்பது?

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சேர்ந்து ஐந்து பாட்டுப் பதிவு செய்திருக்கிறோம். பறை, தவில், பேஸ் கிட்டார், குரல். இவற்றைச் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங் முடிந்துவிட்டது. பாட்டை வெளியீட்டுக்குத் தயார்செய்யும் கடைசிக் கட்டமான மாஸ்டரிங்குக்கு இரண்டு ஸ்டூடியோக்களில் விசாரித்தோம். ஒருவர் தன் கருவிகளின் படங்களை அனுப்பி, "சினிமாப் பாட்டு மாதிரி சத்தமா பண்ணித் தர்றேன், நாளைக்கே வாங்கிக்கலாம்" என்றார். இன்னொருவர் மிக்ஸைக் கேட்டுவிட்டு, மூன்றாவது பாட்டில் பேஸும் தவிலில் கோலால் அடிக்கும் பக்கமான தொப்பியும் மோதுகின்றன, சரிசெய்து கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். கட்டணமும் அவரிடம்தான் கூடுதல். தானாகவே மாஸ்டர் செய்துதரும் இணையச் சேவைகளும் இருக்கின்றன. யாரிடம் போவது?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

திருப்பி அனுப்பினாரே, அவரிடமே போங்கள்.

மாஸ்டரிங் செய்பவர் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்டீரியோ ஃபைல். அதில் பேஸ் கிட்டாரை மட்டும் தனியே தொட முடியாது. 80 ஹெர்ட்ஸ் பக்கம் குறைத்தால் தொப்பியும் சேர்ந்து இளைத்துவிடும். மிக்ஸில் சிறிய வேலை, மாஸ்டரிங்கில் அது பாட்டையே கெடுக்கும் வேலை. கையில் வந்த பணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அதைச் சொல்கிறார் என்றால் அவர் உங்கள் பாட்டை உண்மையிலேயே கேட்டிருக்கிறார்.

சத்தம் பற்றி முதலாமவர் சொன்னதில் எனக்குக் கவலை இருக்கிறது. ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் எல்லாப் பாட்டையும் சுமார் -14 லஃப்ஸ் அளவுக்குக் கொண்டுவருகிறது (லஃப்ஸ் என்பது பாட்டின் சத்தத்தை அளக்கும் அலகு; எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடுதல்). யூடியூபும் அதிகச் சத்தமானதை ஏறக்குறைய அந்த அளவுக்கு இறக்கிவிடும். நீங்கள் -9இல் மாஸ்டர் செய்து ஏற்றினால் 5 டெசிபெல் குறைத்துத்தான் ஒலிக்கும். கூடுதல் சத்தம் கேட்பவருக்குப் போய்ச் சேராது. அதற்காக, ஒலியின் உச்சங்களை அமுக்கும் லிமிட்டர் சீவித் தள்ளியது மட்டும் திரும்பி வராது. தவிலில் அது முதலில் சீவுவது விரலால் வாசிக்கும் பக்கமான வலந்தலையைத்தான். கூடு மாட்டிய விரல் தோலில் படும் அந்த முதல் நொடித்துணுக்கில்தான் தவிலின் உயிரே இருக்கிறது. அது போனால் மேசையைத் தட்டியதுபோல ஆகிவிடும். உங்கள் பாட்டுகளுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

இருவரிடமும் ஒரு பாட்டின் ஒரு நிமிடத்தை மாதிரிக்குச் செய்துதரச் சொல்லுங்கள். பலர் இலவசமாகவே செய்வார்கள். வந்ததை அப்படியே கேட்டு முடிவெடுக்காதீர்கள். சத்தம் கூடினால் காது அதை நல்ல ஒலி என்றே நம்பிவிடும். இரண்டு மாதிரிகளையும் உங்கள் மிக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லவுட்னஸ் மீட்டரைப் பார்த்து, சத்தமானவற்றை மிக்ஸின் அளவுக்கு இறக்குங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். குரல் முன்னே நிற்கிறதா, தவில் அடி நெஞ்சில் விழுகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

கருவிப் படங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அறையைப் பாருங்கள். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். ஒலிச் சீரமைப்பு செய்யாத சின்ன அறையில் சில பேஸ் சுரங்கள் ஓரிடத்தில் காணாமல்போகும், இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் இடிக்கும். அங்கே உட்கார்ந்து எடுக்கும் முடிவு எப்படிச் சரியாக இருக்கும்? முடிந்தால் நேரில் போய், உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை அங்கே போட்டுக் கேளுங்கள்.

தானியங்கிச் சேவை டெமோவுக்குப் போதும். மூன்றாவது பாட்டில் மோதல் இருக்கிறது என்று உங்களைக் கூப்பிட்டுச் சொல்லும் ஆள் அங்கே இல்லை.

எத்தனை முறை திருத்தித் தருவார், வேலையை அவரே செய்வாரா உதவியாளரா, ஐந்து பாட்டும் அடுத்தடுத்து ஒலிக்கும்போது ஒரே தொகுப்பாகக் கேட்கும்படி செய்வாரா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மிக்ஸ் அனுப்பும்போது எல்லா ஒலியும் சேர்ந்து வெளியேறும் மாஸ்டர் ட்ராக்கில் சத்தத்துக்காகப் போட்ட லிமிட்டரைக் கழற்றிவிடுங்கள். 2008இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' வந்தபோது ஒலி நசுங்கியிருக்கிறது என்று ரசிகர்களே கொதித்தார்கள். தன்னிடம் வரும்போதே மிக்ஸ் அப்படித்தான் இருந்தது என்றார் மாஸ்டரிங் செய்தவர். அந்த நிலைக்குப் பிறகு எவ்வளவு பெரிய ஸ்டூடியோவாலும் மீட்க முடியாது. 24 பிட் வேவ் ஃபைலாக, பதிவு செய்த அதே சாம்பிள் ரேட்டில், உச்சம் பூஜ்ஜிய டெசிபெல் என்ற மேல் எல்லையைத் தொடாமல் சில டெசிபெல் இடம்விட்டு அனுப்புங்கள். எம்பி3 வேண்டாம்.

இந்த வாரமே மிக்ஸ் செய்தவரோடு உட்கார்ந்து அந்த மூன்றாவது பாட்டைத் திறந்துவிடுங்கள். பேஸை மொத்தமாகக் குறைக்கச் சொல்லாதீர்கள். தொப்பியின் கனம் எந்த அலைவரிசையில் விழுகிறது என்று பார்த்து, அங்கே மட்டும் பேஸ் கொஞ்சம் விலகினால் போதும்.