வாசகர் கேள்வி – பதில்: பலாலியிலிருந்து சென்னைக்கு

கேள்வி: சென்னையில் படிக்கும் மகளைப் பார்க்கப் போக எண்ணியுள்ளேன். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை மிகவும் கிட்ட என்கிறார்கள். ஆனால், பயண நேரம் ஒன்றேகால் மணி என்று போட்டிருக்கிறது. கொழும்பிலிருந்து செல்லும் விமானமும் ஏறக்குறைய அவ்வளவு நேரந்தான் எடுக்கிறது. தூரம் குறைவென்றால் நேரம் ஏன் குறையவில்லை? நான் எந்த வழியால் போவது நல்லது?
– வாசகர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: தூரம் குறைவு என்பது உண்மையே. நேர்கோட்டில் அளந்தால் பலாலிக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கொழும்பு விமானங்கள் புறப்படும் கட்டுநாயக்கவிலிருந்தோ ஏறத்தாழ 645 கிலோமீற்றர். இம்மூன்று இடங்களும் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையை ஒட்டித் தெற்கு வடக்காக அமைந்திருப்பதால், கட்டுநாயக்கவில் ஏறுபவர் 290 கிலோமீற்றர் அளவு வடக்கே பறந்த பின்னரே பலாலிக்கு நேராக வருகிறார்.

நேரம் அதற்கேற்பக் குறையாததற்கு முதற் காரணம் விமானத்தின் வகை. பலாலிக்கு வந்து போவது விசிறி பூட்டிய ஏடிஆர் 72 விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவுதான். கட்டுநாயக்கவிலிருந்து செல்லும் ஜெட் விமானங்கள் 800 கிலோமீற்றரையும் தாண்டும். அடுத்தது, அட்டவணையில் போடப்படும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் தரித்து நிற்பது வரையிலான முழு நேரமும் அதில் அடங்கும். 500 கிலோமீற்றர் வேகத்தில் 355 கிலோமீற்றரைக் கடக்க முக்கால் மணி நேரம் போதும். மிகுதி நேரம் ஓடுபாதை வரை ஊர்வதிலும், மெதுவாக மேலெழுந்து இறங்குவதிலும், நெரிசல் மிகுந்த சென்னையில் முறைக்குக் காத்திருப்பதிலும் கழிகிறது.

கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை; 2006 ஏப்ரல் முதல் இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே. அதற்கு முந்திய பத்தாண்டுகளில் கொழும்பு தன் நேரத்தை முன்தள்ளி வைத்திருந்தபோது, வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது என்பதை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு உண்மையான விடை வானில் இல்லை, வீதியில் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து ஆனையிறவு கடந்து பலாலிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர், வாகனத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். கட்டுநாயக்கவுக்கோ ஏறத்தாழ 300 கிலோமீற்றர், பெரும்பாலும் முதல்நாள் இரவே பஸ் ஏற வேண்டியிருக்கும். தெற்கே அவ்வளவு தூரம் போய், அதே தூரத்தை வடக்கே பறந்து மீள்வதில் பொருளில்லை. ஆகவே உங்களுக்குப் பலாலியே உகந்தது. வவுனியாவில் இருப்பவர்களுக்கும் பலாலிதான் கிட்ட என்றாலும், நாளொன்றுக்குப் பல விமானங்கள் புறப்படும் கட்டுநாயக்கவை அவர்கள் தெரிவதில் நியாயமுண்டு.

பலாலி வழி புதியதுமன்று. எயர் சிலோன் 1947 டிசம்பரில் தொடங்கிய முதற் சேவையே கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, அப்போது காங்கேசன்துறை எனப்பட்ட பலாலி வழியாகச் சென்னைக்குத்தான். போர்க்காலத்தில் அற்றுப்போன தொடர்பு, 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னர் மீண்டது. கொரோனாக் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது.

மகள் சென்னையில் அல்லாமல் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் படித்திருந்தால், 2025 மார்ச் இறுதியில் தொடங்கிய பலாலி – திருச்சிச் சேவையைச் சொல்லியிருப்போம். அந்தத் தூரம் 185 கிலோமீற்றர் அளவே.