அது என்ன அரிசி?

அன்புள்ள ஐயா,

வலங்கைமானை அடுத்த ஒரு சிற்றூர் எனக்குச் சொந்த ஊர். ஆறு ஆண்டுகளாகத் தோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் வசிக்கிறேன். சம்பா அறுவடை முடிந்து, பங்குனியில் அப்பா இங்கு வந்திருந்தார். எங்கள் தெருமுனையில் எட்டுப் பேர் மட்டுமே அமரக்கூடிய, சோற்றுப் பிடியின்மேல் பச்சை மீன் துண்டை வைத்துத் தரும் சுஷி கடைக்கு அவரை அழைத்துச் சென்றேன். அவர் குச்சிகளைத் தொடாமல் கையாலேயே எடுத்து உண்டார். ஒரு பருக்கையை விரலிடையில் நசுக்கிப் பார்த்துவிட்டு, “இது என்ன அரிசின்னு அவர்கிட்ட கேளு” என்றார். கூச்சத்தால் நான் கேட்கவில்லை. உடல் எடையைக் கருதி நான் மீனை மட்டும் உண்டு சோற்றை ஒதுக்கிவிடுவது வழக்கம். முற்காலத்தில் ஜப்பானியரே சுஷியின் சோற்றை எறிந்துவிட்டதாகப் படித்திருக்கிறேன். அடுத்த ஆண்டு அப்பா மீண்டும் வருகிறார். கடையில் நடந்துகொள்ளும் முறையை அவருக்கு எப்படிச் சொல்லித் தருவது? பச்சை மீன் அவர் வயதுக்கு ஆகுமா?

அன்புள்ள தம்பிக்கு,

என் தந்தையின் பழைய சாகுபடி நோட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, எந்த ஆண்டு எந்த வயலில் எந்த ரகம் நட்டார் என்று ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. உங்கள் அப்பாவின் கேள்வியைப் படித்ததும் நோட்டை மூடிவிட்டேன்.

பச்சை மீனைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். நடந்துகொள்ளும் முறையைப் பொறுத்தவரை அவருக்கு நீங்கள் சொல்லித்தர ஒன்றுமில்லை. கையால் பிடித்த நிகிரி சுஷியைக் கையால் எடுத்து உண்பது ஜப்பானில் முற்றிலும் ஏற்கப்பட்ட வழக்கம். சோயா சாற்றில் மீன் பக்கத்தைத் தொட வேண்டும். சோற்றுப் பக்கத்தைத் தோய்த்தால் அது ஊறி உதிர்ந்துவிடும். அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் சோற்றை ஒதுக்கியதை என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. வெட்டாற்றுத் தண்ணீரில் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்தவர், தன் முன்னே ஒருவர் கையால் பிடித்து வைத்த சோற்றைத் தட்டோரம் தள்ளிவிட்டு, அதற்கு வரலாற்றையும் சாட்சிக்கு அழைப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. நீங்கள் படித்தது பொய்யன்று, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவைப்பதுதான் சுஷியின் பழைய வடிவம். பீவா ஏரிக் கரையில் ஃபுனாசுஷி என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. சோற்றின் புளிப்பு மீனைக் கெடாமல் காத்தது. சோறு கூழாகிப் போனதால் அதை வழித்துவிட்டார்கள். பின்னர் வந்தவர்கள் சோற்றையும் சேர்த்து உண்ண விரும்பினார்கள். அதற்காகவே புளிக்கவைக்கும் காலத்தைக் குறைத்தார்கள். பிறகு அரிசிக் காடியை, அதாவது அரிசி வினிகரை, சோற்றில் கலந்து, காத்திருப்பதையே விட்டார்கள். 1820களில் இன்றைய தோக்கியோவான எடோ நகரில், ஹனயா யோஹெய் என்பவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நிகிரி அப்படித்தான் பரவியது. சுஷி என்ற சொல்லே புளிப்பைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. அந்தப் புளிப்பு இன்று இருப்பது மீனில் அன்று, நீங்கள் ஒதுக்கிய சோற்றில்.

அந்தச் சோற்றை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒருநாள் பாருங்கள். வெந்த சோற்றை அகன்ற மரத்தொட்டியில் கொட்டி, உப்பும் சர்க்கரையும் கரைத்த காடியைத் தெளித்து, பருக்கை உடையாமல் துடுப்பால் கீறிக் கீறிப் புரட்டி, விசிறியால் விசிறி ஆற்றுகிறார்கள். உடம்பின் சூடு இருக்கும்போதே பிடித்துக் கொடுக்கிறார்கள். கையில் எடுக்கும்வரை உதிராமலும் வாயில் வைத்ததும் உதிரும்படியும் பிடிக்கப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். புத்தரிசியில் ஈரம் மிகுதி என்பதால், காடியை நன்றாக உறிஞ்சும் பழைய அரிசியைத் தேடிக் கலப்பவர்களும் அவர்களில் உண்டு. பழைய அரிசியின் அருமை உங்கள் அப்பாவுக்கும் தெரியும்.

ஆடிப்பெருக்கன்று என் பாட்டி புளிச்சோறு கிளறியதை நான் இப்போதும் அப்படியே காண்கிறேன். பித்தளைத் தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, பனையோலை விசிறியை என் கையில் கொடுத்து விசிறச் சொல்லிவிட்டு, புளிக்காய்ச்சலை ஊற்றி இரண்டு கைகளாலும் அடியிலிருந்து அள்ளி அள்ளிப் புரட்டுவார். ஒரு பருக்கை நசுங்கக் கூடாது. மாலையில் குடமுருட்டி ஆற்றுப் படித்துறையில் நாங்கள் வரிசையாகக் கை நீட்டுவோம். உள்ளங்கைக்கு ஓர் உருண்டை. எனக்குப் பெரியதாகவும், பல் முளைக்கும் தங்கைக்குச் சிறியதாகவும் பிடிப்பார். அளவு அவர் கையில் இருந்தது. பாட்டி இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்த உருண்டையின் சூடு எனக்கு மறக்கவில்லை. உங்கள் தெருமுனைக் கடைக்காரர் எதிரில் நின்று, உண்பவரின் முகம் பார்த்துப் பிடித்து வைப்பதும் அதே செயல்தான். உங்கள் அப்பா கையை நீட்டியதில் வியப்பென்ன?

இனி அவர் கேட்டதற்கு வருகிறேன். என் தந்தையின் நோட்டில் 1960களின் பிற்பகுதியில் குறுவைப் பக்கங்கள்தோறும் ‘ஆடுதுறை 27’ என்றே இருக்கிறது. தஞ்சை மாவட்டத்தையே நிரப்பிய அந்த ரகத்தின் ஒரு பெற்றோர் கோவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜி.இ.பி. 24 என்ற நெல், மற்றொன்று நோரின் 10 என்ற ஜப்பானிய நெல். பொன்னியின் கதையும் அதுவே. மலேசியாவிலிருந்து வந்த மசூரிதான் இங்கே பொன்னியாயிற்று. மசூரியின் பெற்றோரில் ஒன்று மலாய் நாட்டு நெல். மற்றொன்றான தாய்ச்சுங் 65, ஜப்பானியர் ஆட்சியில் இருந்த தைவானில் ஜப்பானிய ரகங்களைக் கலந்து உருவாக்கப்பட்டது. காவிரியின் பெயரையே வைத்து நாம் உண்ணும் அரிசிக்குள் அந்த நாட்டு நெல்லின் வழி ஓடுகிறது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திற்கு ஒரு சைக்கிள் தூரத்தில் வாழ்ந்த என் தந்தைக்கு இது தெரியாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. உங்கள் அப்பா எவரும் சொல்லாமலே பருக்கையை நசுக்கிப் பார்த்து, கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டார். ஐம்பது ஆண்டு நெல்லோடு இருந்த ஒருவர், அரிசியே தொழிலாகக் கொண்ட இன்னொருவரிடம் கேட்ட கேள்வி அது. இடையில் இரண்டு மொழியும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள், வாய் திறக்கவில்லை. கூச்சம் என்கிறீர்கள். யாரைக் குறித்துக் கூசினீர்கள் என்பதை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அந்தக் கடைக்குச் செல்லுங்கள். சோற்றோடு சேர்த்து உண்ணுங்கள். அது என்ன அரிசி, எந்த ஊரில் விளைந்தது, புதியதா பழையதா என்று கேளுங்கள். கேட்பவர் காவிரிப் படுகையின் விவசாயி என்றும் சொல்லுங்கள். பிறகு அப்பாவைத் தொலைபேசியில் அழையுங்கள். இப்போது சம்பாவுக்கு நாற்றுவிடும் நாட்கள். பகலில் வயலில் இருப்பார். இருட்டிய பிறகு பேசுங்கள்.

அன்புடன்.