நாள் தள்ளிப்போன பிறகு ஒற்றைத் தலைவலி மாத்திரை

கேள்வி: வயது 28. ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க எட்டு மாதமாக டோபிராமேட் 50 மி.கி. சாப்பிடுகிறேன். கடைசி மாதவிலக்கு வந்து 40 நாளாகிறது. கர்ப்பம் என்று நேற்றுதான் தெரிந்தது. கலைத்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது?

பதில்: இந்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டீர்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. டோபிராமேட் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு (மேல்வாய்ப் பிளவு) வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதும், எடை குறைந்து பிறப்பதுண்டு என்பதும் உண்மை. ஆனால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு வரும் அந்தப் பிளவு சில மடங்கு கூடினாலும், மிகப் பெரும்பாலான குழந்தைகள் அது இல்லாமலே பிறக்கின்றன. உங்கள் 40 நாள் கணக்குப்படி கரு உருவாகி ஏறக்குறைய 26 நாள்தான் ஆகிறது. மேலுதடு ஒன்றுசேர்வது இனிமேல்தான். ஆகவே இன்றே மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை நிறுத்துவதில் பயன் உண்டு. 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் உதட்டைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். இதே மாத்திரை வலிப்பு நோய்க்காகவும் தரப்படுகிறது. இதைப் படிக்கும் யாரேனும் வலிப்புக்காகச் சாப்பிடுபவராக இருந்தால், தாமாக ஒரு வேளையைக் கூட நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தி வலிப்பு வந்தால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் இன்னொரு மருந்தான வால்புரோயேட் கருவுக்கு இதைவிடக் கேடு மிகுந்தது. தலைவலிக்காகக் கர்ப்பிணிக்கு அதைத் தரவே கூடாது. ஆனால் வலிப்புக்காகச் சாப்பிடுபவர் அதையும் மருத்துவரைப் பார்க்காமல் விடக் கூடாது.

கருவுறக்கூடிய பெண்ணுக்கு டோபிராமேட் எழுதும் முன் கர்ப்பப் பரிசோதனை செய்து, கருத்தடை பற்றியும் பேச வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2023இல் விதித்தது. இங்கே கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில், "குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா?" என்ற ஒரு வரிக் கேள்விக்குக் கூட நேரம் இருப்பதில்லை. நரம்பியல் மருத்துவர் மகப்பேறு மருத்துவரைக் கேட்கச் சொல்கிறார். அவரோ திரும்ப நரம்பியல் மருத்துவரிடமே அனுப்புகிறார். எத்தனை ஆண்டுகளாக இதையே பார்த்துக்கொண்டிருப்பது?

இதற்குள் வலி வந்ததும் பலரும் போய் நிற்பது மருந்துக் கடையில்தான். "தலைவலி மாத்திரை" என்று கேட்டால் எர்கோட்டமின் கலந்த கூட்டு மாத்திரையைச் சீட்டு இல்லாமலே தருபவர்கள் இருக்கிறார்கள். அது கருப்பையைச் சுருங்கச் செய்யும். இரத்த நாளங்களையும் சுருக்கும். கர்ப்பிணி அதைத் தொடவே கூடாது. அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது, பெயர் அச்சிட்ட பாதி கடையிலேயே தங்கிவிடுகிறது. பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும், குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு, வேண்டாம்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும்; வேளை தவறாமல் உணவு, தண்ணீர், தூக்கம் ஆகியவை இந்த நோயில் மருந்துக்குச் சமம். மூன்று மாதம் கடந்ததும் பெரும்பாலான பெண்களுக்கு ஒற்றைத் தலைவலி தானாகவே குறைகிறது என்பதால் தடுப்பு மருந்தே உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். தேவைப்பட்டால், ஆஸ்துமா இல்லாதவருக்குப் புரோப்ரனலால் என்ற மருந்தைக் குறைந்த அளவில், குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணித்தபடி தரலாம். 20 வாரத்துக்குப் பிறகு, பழகிய வலி போலில்லாமல் புதுவிதமாகத் தலை வலித்தாலோ, கண் மங்கினாலோ, அன்றே இரத்த அழுத்தம் பாருங்கள்; 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் நேரே மகப்பேறு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அழுத்தம் சரியாக இருந்தும் வலியோ மங்கலோ தீராவிட்டால், அப்போதும் காத்திருக்க வேண்டாம்.