தொடர்ந்து தோற்கும் கால்பந்து அணிக்கு எந்த ஃபார்மேஷன் பொருந்தும்? 3-5-2க்கு மாறலாமா?

கோட்டோரமாக ஒன்றரை மணி நேரம் ஏறி இறங்க உங்கள் அணியில் இரண்டு பேர் இருந்தால் 3-5-2க்கு மாறுங்கள். இல்லாவிட்டால் 4-4-2. (கோல்கீப்பரை விட்டு, பின்னாலிருந்து எண்ணும் கணக்கு இது: தடுப்பில் நான்கு, நடுவில் நான்கு, முன்னால் இரண்டு.) பழைய சரக்கு என்று சிரிப்பீர்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் அணியில் ஆறு வருடமாக ஸ்டாப்பர், அதாவது நடுத் தடுப்பாளன், நான். போன சீசனில் வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

நாங்கள் முதலில் ஆடியது 4-3-3. ராத்திரி டிவியில் பார்ப்பது அதுதானே, பையன்களுக்கும் விங்கில், அதாவது முன்வரிசையின் ஓரத்தில், ஓடத்தான் ஆசை. ஆனால் பந்து பறிபோன உடனே அந்த விங்கர்கள் பின்னால் ஓடி வரவேண்டும். வராவிட்டால் நடுவில் இருக்கும் மூன்று பேர் முழு அகலத்தையும் காக்க வேண்டும். எங்கள் ஆட்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். காலையெல்லாம் கொழுந்து வண்டி ஓட்டிவிட்டு வந்து ரைட் பேக் (வலது ஓரத் தடுப்பாளன்) ஆடும் தம்பி, ஒரே நேரத்தில் இரண்டு பேரைத் துரத்தினான். மூன்று ஆட்டத்தில் பதினொரு கோல்.

அப்புறம் மாமா ஒருவர், ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்குக் கோச் மாதிரி, "அஞ்சு பேரைப் பின்னால நிறுத்துடா, முதல்ல கோல் வாங்கறத நிறுத்து" என்றார். 5-4-1. கோல் குறைந்தது உண்மை. ஆனால் நான் அடித்து அனுப்பும் பந்தைப் பிடித்து வைக்க முன்னால் ஒரே ஆள், அவனைச் சுற்றி மூன்று பேர். போன வேகத்தில் பந்து திரும்பி வந்தது. எழுபது நிமிடத்துக்கு மேல் எங்களுக்குக் கால் எழவில்லை. இரண்டு ஆட்டமும் அந்தக் கடைசி இருபது நிமிடத்தில்தான் போயின.

இதில் மைதானத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மலையில் சமதளம் ஏது? எங்கள் மைதானத்தைத் தப்படி போட்டு அளந்தால் அகலம் ஏறக்குறைய 50 மீட்டர். விதியில் 45 வரை இடமுண்டு, அதனால் குற்றமில்லை. டிவியில் பார்க்கும் பெரிய மைதானங்கள் பெரும்பாலும் 68. அதை நான்கு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 17 மீட்டர், எங்களுக்குப் பன்னிரண்டரைதான். அந்த இடத்தில் ஐந்தாவது தடுப்பாளன் எதற்கு? போதாக்குறைக்குச் சரிவு வேறு. பந்து தானாகப் பள்ளத்துப் பக்கம் உருளும், அதற்கப்பால் தேயிலைச் செடி. நன்றாக ஓடுகிறவனை எப்போதும் அந்தப் பக்கம்தான் நிறுத்துகிறோம்.

மாமா விடவில்லை. டீக்கடையில் இங்கிலாந்தின் லெஸ்டர் அணியை இழுத்தார். நியாயமான வாதம்தான். 2015 மார்ச் இறுதியில் 29 ஆட்டத்துக்கு 19 புள்ளி, பிரீமியர் லீகில் கடைசி இடம். அவர்கள் கோச் நைஜல் பியர்சன் மூன்று ஸ்டாப்பர்களை வைத்து, மீதி ஒன்பதில் ஏழை ஜெயித்து, கீழ் லீகுக்கு இறங்காமல் கரையேறினார். "அடுத்த சீசனில் புது கோச் ரனியேரி 4-4-2 ஆடித்தானே கோப்பையே வாங்கினார்?" என்று மடக்கினேன். "உங்கிட்ட கான்டே இருக்கானாடா?" என்றார், லெஸ்டரின் நடுக்கள ஆட்டக்காரரைச் சொல்லி.

இல்லை. 4-4-2இன் ஓட்டை அங்கேதான். நடுவரிசை நான்கில் இருவர் ஓரத்துக்குப் போக, மையத்தில் இரண்டே பேர். எதிரணி மூன்று பேரை வைத்தால் நமக்கு ஒரு ஆள் குறையும், கான்டே தனி ஆளாக அதை அடைத்தார். நாங்கள் வேறு மாதிரி அடைத்தோம். முன்வரிசையில் ஒருவன் இறங்கி வந்து, அவர்களில் பந்தைப் பிரித்துக் கொடுப்பவன் மேல் நிற்பான். ஓரத்து ஹாஃப்கள் இருவரும் கோட்டை விட்டு உள்ளே நெருங்கி வருவார்கள். ஓரத்தில் எதிரணி ஆடிக்கொள்ளட்டும், 50 மீட்டரில் ஓரம் என்ன அவ்வளவு தூரமா?

இதைச் சொல்லிக் கொடுப்பதும் சுலபம். ஃபாக்டரி ஷிஃப்ட் போக எல்லோரும் ஒன்றாகச் சேர்வது ஞாயிறு மட்டும். பின்வரிசை நான்கு பேரின் இடுப்பிலும் ஒரே கயிற்றைக் கட்டி, பந்து போகும் பக்கமெல்லாம் சேர்ந்து நகரவிட்டோம். அம்மாக்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கப் போவதுபோல ஒரே வரிசை. நடுவரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே பன்னிரண்டு தப்படிக்கு மேல் போனால் நான் கத்துவேன். என் வேலையில் பாதி அதுதான்.

4-4-2க்கு மாறிய பிறகு முதல் ஆட்டம் 0-0. இரண்டாவதற்குப் பத்துப் பேர்தான் வந்தோம், ஒருவனுக்கு ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள். இரண்டு வரிசையையும் கலைக்காமல் முன்னால் ஒருவனைக் குறைத்து 4-4-1 ஆடினோம். 1-1. முன்னால் தனியாக நின்றவன், 4-3-3தான் வேண்டும் என்று சீசன் முழுக்கச் சண்டை போட்டவன். கோல் அடித்ததும் அவன்தான்.