ஏற்காட்டில் மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நிற்கும் புல்வெட்டும் வண்டியின் பேட்டரி ஒரே ஆண்டில் செத்துவிடுகிறது. நீடிக்க வைப்பது எப்படி?

மழைக்காலம் முழுவதும் வண்டி கொட்டகையில் நிற்கிறது என்கிறீர்கள். பேட்டரியைக் கொல்வது அந்த ஓய்வுதான். சார்ஜ் குறைந்து கிடக்கும் லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு முழுதாகத் திரும்பாது.

வண்டியை நிறுத்தும்போதே நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவி) பாருங்கள்: 12.6 வோல்ட் இருந்தால் நிம்மதி. 12.4-க்குக் கீழே இறங்கினால், காற்றோட்டமான இடத்தில் 2 ஆம்பியர் சார்ஜரால் மெதுவாக ஏற்றுங்கள். அவசரம் இந்தச் சிறிய பேட்டரிக்கு ஆகாது.

மூடி திறக்கும் வகையென்றால், உள்ளே ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. மலை ஊற்று நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தயவுசெய்து வேண்டாம். பனி ஈரத்தில் முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள்.